நெல்லும் செம்பும் கல்லான சிப்பியும்

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் கார்டு லைனில் விருத்தாசலம் தாண்டியதும் பெண்ணாடம் வரும். வெள்ளாற்றைக் கடந்து இன்னும் சில நிலையங்கள் போனால் செந்துறை. பெண்ணாடம் கடலூர் மாவட்டம், செந்துறை அரியலூர் மாவட்டம் என்று கணக்கு பிரிந்திருந்தாலும் இரண்டுக்கும் நடுவில் முந்திரித் தோப்பும் செம்மண்ணும் சுண்ணாம்புக்கல்லும் ஒரே சீராகத்தான் ஓடுகின்றன. இந்தச் சிறிய தொலைவுக்குள் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. கையில் அகப்படும் ஒரு சாதாரணப் பொருளை எடுத்து முன்னால் வைப்பது, அதை உற்றுப் பார்ப்பது, அதை விட்டு நகராமலே பெரிய கேள்வி ஒன்றைக் கேட்பது.

ஓவியக் கல்லூரி மாணவர்கள் இதை ஸ்டில் லைஃப் என்ற தலைப்பில் படிக்கிறார்கள். மேசைமேல் ஒரு குடம், இரண்டு பழம், மடித்த துணி. அழகுக்காக மட்டும் வரையாமல், காலம், சாவு, அறிவு, பற்று என்று ஏதோ ஒரு கருத்தை அந்தப் பொருள்களின் தோளில் ஏற்றி வரைந்தால் அது கருத்தோவியமாகிவிடுகிறது. இதன் வரலாற்றை எல்லோரும் ஹாலந்திலிருந்து தொடங்குவார்கள். பெண்ணாடத்திலிருந்து தொடங்கவும் நியாயம் இருக்கிறது.

13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்தத்துக்கு இலக்கணம் வகுத்த மெய்கண்டார் பிறந்த ஊர் பெண்ணாடம் என்பது மரபு. தந்தை அச்சுத களப்பாளர். பிள்ளைக்கு முதலில் இட்ட பெயர் சுவேதவனப் பெருமாள். வளர்ந்தது திருவெண்ணெய்நல்லூரில், மாமன் வீட்டில். அவர் செய்த சிவஞான போதம் 12 சூத்திரம், 40 வரிதான். ஆனால் ஒவ்வொரு சூத்திரத்தின் கீழும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று படிப்படியாக வாதம் கட்டப்பட்டிருக்கிறது. கருத்தைச் சொல், காரணம் காட்டு, பிறகு கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருளைக் கொண்டுவந்து வை. எடுத்துக்காட்டு இல்லாமல் வாதம் முடியாது. அந்த எடுத்துக்காட்டு வெண்பாக்களிலும், அவற்றைத் தொடர்ந்து வந்த சாத்திரங்களிலும் நிறைந்திருப்பவை எவை என்று பார்த்தால் ஒரு பழைய வீட்டின் கூடமும் களமும் குளக்கரையும் அப்படியே எழுந்து வரும்: நெல், உமி, தவிடு, செம்பு, களிம்பு, படிகம், விளக்கு, உப்பு, ஊஞ்சல் கயிறு, குயவனின் மண், குளத்துப் பாசி.

இவை வெறும் உவமைகள் என்று கடந்துபோனால் விஷயம் பிடிபடாது. செம்பை எடுத்துக்கொள்வோம். உயிரோடு ஆணவம் என்னும் அழுக்கு எப்போது வந்து ஒட்டியது என்பது சித்தாந்தத்தின் அடிப்படைக் கேள்விகளில் ஒன்று. செம்பில் களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய தூசி அன்று. செம்பு என்று ஒன்று உண்டான அன்றே அதுவும் உடன் இருக்கிறது, நெல்லோடு உமி இருப்பதைப் போல, என்பது விடை. வீட்டில் செம்புக் குடம் புழங்கியவர்களுக்கு இது உடனே விளங்கும். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் குடம் மாதுளை முத்துப் போல நிறம் காட்டும். இரண்டு மூன்று நாளில் விளிம்பு மங்கும். கழுத்து வளைவில் தண்ணீர் தங்கும் இடத்தில் பச்சை பூக்கும். மறுபடி புளி, மறுபடி பச்சை. சுத்தம் செய்பவரின் சோம்பலால் வருவதில்லை அது. உலோகத்தின் இயல்பால் வருவது.

இதற்கு ஊரில் ஒரு கைவைத்தியம் இருந்தது. ஈயம் பூசுகிறவர் தெருவில் குழி தோண்டிக் கரியைக் கொட்டுவார். துருத்தி ஊதிப் பாத்திரத்தைச் சூடேற்றுவார். நவச்சாரப் பொடியைத் தூவியதும் வெள்ளைப் புகை எழும். அந்தச் சூட்டிலேயே ஈயத்தைத் தொட்டுப் பஞ்சாலோ துணியாலோ வளைத்துத் தேய்ப்பார். உள்பக்கம் வெள்ளி போலாகிவிடும். சில மாதம் புளிக்குழம்பு வைக்கலாம். ஆனால் பூச்சுக்குக் கீழே செம்பு செம்பாகவே இருக்கிறது. தேய்ந்த இடத்தில் களிம்பு திரும்பவும் தலைகாட்டும். சித்தாந்தம் இந்தப் பூச்சோடு நிற்க மறுப்பதை இங்கே கவனிக்க வேண்டும். இரசகுளிகை பட்டால் செம்பு களிம்பு நீங்கிப் பொன்னாகும் என்று இரசவாதிகள் நம்பியதை அது எடுத்துக்கொள்கிறது. அருள் என்பது அந்தக் குளிகை. பாத்திரக்காரரின் தொழிலறிவும் இரசவாதியின் கனவும் ஒரே செம்பின்மேல் வந்து சேர்கின்றன. தத்துவ நூல் ஒன்று ஓர் உலோகத்தை இவ்வளவு பொறுமையாகப் பார்த்திருப்பது வியக்க வேண்டிய செய்தி.

மெய்கண்டாரைப் பற்றி வழங்கும் கதை ஒன்றும் இதே போக்கில்தான் இருக்கிறது. சகலாகம பண்டிதர் என்று பேர்பெற்ற அருணந்தி, சிறுவன் ஒருவன் பாடம் சொல்வதைக் கேள்விப்பட்டுச் செருக்கோடு வந்து, ஆணவ மலத்தின் உருவம் என்ன என்று கேட்டாராம். பிள்ளை விளக்கம் எதுவும் சொல்லாமல் அவரையே மேலும் கீழும் பார்த்ததாம். கேட்டவரே எடுத்துக்காட்டாகிவிட்டார். அருணந்தி அந்த இடத்திலேயே மாணவரானார். பின்னாளில் சிவஞான சித்தியார் செய்தார்.

சைவத்துக்கு மட்டும் உரிய பழக்கமும் அன்று இது. மணிமேகலையில் அறவண அடிகள் காஞ்சியில் அளவை நூல் சொல்லிக்கொடுக்கிறார். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு, எதைப் போல? அடுக்களையைப் போல. ஒலி நிலையற்றது, எதைப் போல? குடத்தைப் போல. பௌத்தத் தருக்கத்தின் நுட்பமான படிகளைத் துறவு பூண்ட ஓர் இளம்பெண்ணுக்குச் சொல்லும்போது அடுப்பும் குடமும் வந்து நிற்கின்றன. வடமொழித் தருக்கத்திலும் கடம், படம் என்று பானையும் துணியும்தான் மாறாத உதாரணங்கள். இந்தியத் தத்துவம் அந்தரத்தில் மிதப்பது என்று சொல்கிறவர்கள் இந்தச் சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்த்ததில்லை என்றே தோன்றுகிறது.

ஆனால் ஒன்று நடக்கவில்லை. நெல்லையும் உமியையும் பிரித்து வைத்து, களிம்பேறிய செம்பைப் பக்கத்தில் சாய்த்து, யாரும் ஓவியமாகத் தீட்டி வைத்ததாகத் தடயம் இல்லை. கோயில் சுவர்களில் பாத்திரங்கள் உண்டு. சமைக்கிறவர்கள், சுமக்கிறவர்கள், விருந்துண்கிறவர்கள் கையில் அவை இருக்கும். ஆளில்லாமல் பாத்திரம் மட்டும் படத்தின் நடுவில் உட்காருவது தமிழ் ஓவிய மரபில் இல்லாத காரியம். பொருளை வைத்துச் சிந்திக்கும் வேலையைச் சொல் முழுவதுமாக எடுத்துக்கொண்டது. கேட்பவர் தன் வீட்டுச் செம்பை மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஹாலந்தில் அந்த வேலையைத் தூரிகை செய்தது. 17ஆம் நூற்றாண்டில் பீட்டர் கிளாஸ், ஹார்மென் ஸ்டேன்வைக் போன்றவர்கள் மண்டையோடு, அணைந்த திரி, கவிழ்ந்த கண்ணாடிக் கிண்ணம், கடிகாரம், புத்தகம் என்று மேசையில் பரப்பி வரைந்தார்கள். வானிட்டாஸ் என்று அந்த வகைக்குப் பெயர். எல்லாம் போய்விடும், நீயும் போவாய் என்று நினைவூட்டுவது அதன் நோக்கம். 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் ஷார்தான் இன்னும் அடக்கமாக, சமையலறையில் நிற்கும் ஒரு செம்புத் தண்ணீர்த் தொட்டியை வரைந்தார்; இன்று அது பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் மண்டையோடு கிடையாது, பாடம் கிடையாது. செம்பின் பழுப்பும் அதில் விழும் ஒளியும்தான். டச்சுக்காரர்களின் பொருள் சாவை நினைவூட்டியது. பெண்ணாடத்துப் பொருள் பற்றை நினைவூட்டியது. சாவு வெளியிலிருந்து வருவது, பற்று கூடவே பிறந்தது. இரண்டில் இரண்டாவதே கடினமான சிந்தனை.

தமிழ்நாட்டில் பொருளைத் தனியே வைத்து வரையும் பயிற்சி 1850இல் வந்தது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ராணுவ மருத்துவர் சென்னையில் தன் சொந்தச் செலவில் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்று எழும்பூரில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரியின் தொடக்கம் அதுதான். கலைஞர்களை உருவாக்குவதைவிடக் கைவினைஞர்களின் கண்ணையும் கையையும் பழக்குவதே அதன் முதல் நோக்கம். மண்பாண்டம், ஓடு, உலோக வேலை, மரவேலை எல்லாம் அங்கே நடந்தன. கோடு நேராக வர வேண்டும், வட்டத்தின் வாய் சரியான நீள்வட்டமாகத் தெரிய வேண்டும், நிழல் விழ வேண்டிய பக்கம் விழ வேண்டும்.

அந்தப் பாடத்திட்டத்தின் பேரப்பிள்ளைகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். தமிழ்நாடு அரசுத் தேர்வுத் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் என்ற தாள்கள் உண்டு. பள்ளி ஓவிய ஆசிரியராக விரும்பியவர்கள் லோயர், ஹையர் என்று படிப்படியாக இவற்றை எழுதித் தேறினார்கள். செந்துறை போன்ற ஊர்களின் பள்ளிக்கூடங்களுக்கு ஓவியம் என்று ஒன்று போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். மேசைமேல் வைத்த குடத்தைக் கண் மட்டத்துக்குக் கீழே பார்த்தால் வாய் எவ்வளவு அகலும், மேலே பார்த்தால் எப்படி வளையும் என்பதை ஒரு தலைமுறை கறாராகக் கற்றது. இந்தக் கறாரை ஏளனம் செய்ய முடியாது. ஒரு பொருளை உள்ளபடி பார்க்கத் தெரியாதவர் அதைப் பற்றிச் சிந்திக்கவும் முடியாது. குறை வேறு இடத்தில் இருந்தது. ஏன் இந்தக் குடம், இதை வரைவதால் என்ன தெரிகிறது என்று அந்தத் தாளில் எங்கும் கேள்வி இல்லை.

அதே சென்னைப் பள்ளி, வரைய வேண்டிய பொருளையே மாற்றிப்போட்ட கதையும் உண்டு. 1898இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் பிரிவைத் தொடங்கினார். 1903இல் அந்தத் தொழில் தனியார் கம்பெனி ஒன்றின் கைக்குப் போனது. பிறகு ஈயப் பூச்சு வேண்டாத, களிம்பு பூக்காத, எடை குறைந்த பாத்திரம் ஏழை வீடுகளுக்கும் வந்தது. அதன் பின்னால் எவர்சில்வர் வந்தது. செம்பும் பித்தளையும் பரணுக்குப் போயின. சித்தியார் படிக்கிற இன்றைய மாணவருக்குக் களிம்பு என்பது உரையாசிரியர் விளக்க வேண்டிய சொல்லாகிவிட்டது. எடுத்துக்காட்டு வழக்கொழிந்தால் வாதத்தின் கால் ஒன்று ஒடிகிறது; தத்துவ ஆசிரியர்கள் இதைக் கவனித்து எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஹண்டரின் பள்ளி சென்னையில் குடம் வரைந்துகொண்டிருந்த அதே காலத்தில், செந்துறை மண்ணிலிருந்து எடுத்த பொருள்கள் வேறோர் இடத்தில் வரையப்பட்டன. அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியில் ஒருகாலத்தில் கடல் இருந்தது. அதன் அடிமட்டத்தில் படிந்த சிப்பிகளும் நத்தைகளும் சுருள் ஓட்டு அம்மோனைட்டுகளும் கல்லாகிச் சுண்ணாம்புப் பாறையில் கிடக்கின்றன. 1840களில் கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் சேகரித்தவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் லண்டனில் விவரித்தார். பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்டு இந்த நிலத்தை நடந்து அளந்து 1862இல் அறிக்கை வெளியிட்டார். தென்னிந்தியக் கிரெட்டேசிய உயிரினங்களைப் பற்றி 1861 முதல் 1873 வரை நான்கு பெரிய தொகுதிகள் வந்தன. பெரும்பகுதியை எழுதியவர் மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. அவர் 1874இல் லடாக் வழியில் இறந்து லே நகரில் புதைக்கப்பட்டார்.

அந்தத் தொகுதிகளின் படங்கள் கல்லச்சில் வந்தவை. ஒரு சிப்பி முன்புறமிருந்து, பின்புறமிருந்து, பக்கவாட்டில், சில சமயம் குறுக்கே வெட்டினால் தெரிகிறபடி என்று வெள்ளைத் தாளில் மிதக்கும். பின்னணி இல்லை, மேசை இல்லை. ஒளி இடது மேல்மூலையிலிருந்து விழ வேண்டும் என்பது இந்தத் துறையின் வழக்கம். ஒரு படத்தை இன்னொன்றோடு ஒப்பிட அது உதவும். விரிசல் இருந்தால் விரிசலையும் வரைய வேண்டும். உடைந்த விளிம்பை அழகாக முடித்துவிடக் கூடாது. இன்னொரு பொருத்தமும் உண்டு: நல்ல கல்லச்சுக்குப் பயன்பட்ட பவேரியக் கல்லே நுண்ணிய சுண்ணாம்புக்கல்தான், அதற்குள்ளும் தொல்லுயிர்கள் உறங்குகின்றன. ஒரு கடலின் எச்சத்தில் இன்னொரு கடலின் எச்சத்தை அச்சிடும் தொழில் அது.

கருத்துள்ள பொருள் ஓவியம் என்று இந்தப் பகுதி உரிமை கொண்டாடத்தக்கவை இந்தப் படங்கள்தாம். வரைந்தவர்கள் தத்துவம் எழுத வரவில்லை, வகைப்படுத்த வந்தார்கள். ஆனாலும் வானிட்டாஸ் மேசையின் மணற்கடிகாரம் சொல்லாத அளவுக்குக் காலத்தை இந்தச் சிப்பி சொல்கிறது. அரியலூர்ப் பகுதியில் உள்ள கல்லமேட்டின் பெயர் பெற்ற பாறை அடுக்கு டைனோசர்களின் கடைசிக் காலத்தைச் சேர்ந்தது. செந்துறைக்குப் பக்கத்து நின்னியூரின் பெயர் பெற்ற அடுக்கோ, அவை அழிந்த பிற்பாடு படிந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த பேரழிவின் இரண்டு கரைகளும் சைக்கிளில் போய்வரும் தொலைவுக்குள் இருக்கின்றன.

20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் தமிழ்நாட்டு ஓவியர்கள் பொருளுக்குக் கருத்தைத் திருப்பிக் கொடுக்க முயன்றார்கள். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1963 வாக்கில் சொற்களும் குறியீடுகளும் என்ற வரிசையைத் தொடங்கினார். ஜாதகக் கட்டம், கணக்குப் புத்தகத்துச் சூத்திரம், படிக்க முடியாத எழுத்து வரிசை எல்லாம் படத்தில் நெருங்கி நின்றன. வீட்டுப் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் ஜாதக ஓலையைப் போல இருக்கும். ஆனால் பலன் சொல்லாது. எழுத்து என்பதே ஒரு பொருளாகக் கண்முன் வைக்கப்படுகிறது. 1966இல் அவர் மாணவர்களோடு ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். அதற்கு ஓர் ஆண்டு முன்பு அமெரிக்காவில் ஜோசஃப் கோசுத் ஒரு நாற்காலி, அதன் புகைப்படம், அகராதியில் நாற்காலிக்குத் தந்த விளக்கம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது நாற்காலி என்று கேட்டிருந்தார். பொருள், படம், சொல் என்ற அந்த மூன்றும் அளவை நூல் படித்த தமிழ் மாணவருக்குப் புதிராக இருந்திருக்காது.

மும்பையில் பிரபாகர் பர்வே இலை, கடிகாரம், பழம் போன்ற தனித்தனிப் பொருள்களை வெட்டவெளியில் நிறுத்தி அவற்றின் உறவை யோசிக்கவைத்தார். பீகாரில் பிறந்த சுபோத் குப்தா 2006இல் எவர்சில்வர்ப் பாத்திரங்களைக் கோத்து மாபெரும் மண்டையோடு செய்தார். டச்சு மேசையின் மண்டையோடும் இந்தியச் சமையலறையின் பாத்திரமும் அங்கே ஒன்றாயின. திருவண்ணாமலையில் பிறந்த பெனிதா பெர்சியால் சாம்பிராணியையும் மூலிகைகளையும் பிசைந்து உருவம் செய்கிறார். பார்ப்பதற்கு முன்பே மூக்குக்கு எட்டிவிடும் கலை அது.

ஓர் உருவத்தைப் பார்த்தவுடன் பெயர் சூட்டிவிடும் அவசரத்துக்கு இந்தப் பகுதியிலேயே சான்று உண்டு. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரிப்பக்கம் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் என்று கைபேசிகளில் படம் பறந்தது. நிலவியலாளர்கள் வந்து பார்த்து, முட்டைகள் அல்ல, அம்மோனைட்டுகளைச் சுற்றிப் படிவு இறுகிய உருண்டைகள் என்றார்கள். படம் பொய் சொல்லவில்லை, உருண்டை உருண்டைதான். பெயர்தான் தவறு.

சித்தியார் அறிவுக்கு மூன்று வாயில்களை ஏற்கிறது: காண்டல், கருதல், உரை. கண்ணால் கண்டதே அறிவு என்று நிற்கும் உலகாயதனோடு அது நீண்ட வழக்கு நடத்துகிறது. அந்த வழக்குக்கு அரியலூர் மண் 1980களில் ஒரு கடினமான எடுத்துக்காட்டைக் கொடுத்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் கல்லமேட்டில் மிகப் பெரிய எலும்புகளைக் கண்டார்கள். ஒரு கால் எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர் நீளம். புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள், பெரிய உடல் கொண்ட பல்லி என்ற பொருளில். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதே பகுதியில் ஆய்வு செய்த மேட்லியின் பெயரையும் சேர்த்தார்கள். முதலில் ஊனுண்ணி வகையில் வைத்தார்கள். பின்னர் வந்தவர்கள், இது நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணியாகவே இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள்.

எலும்புகள் நிலைக்கவில்லை. நீர் பட்டால் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் களிமண்ணில் கிடந்தவை அவை, பொடிந்துபோயின. பல ஆண்டுகள் உலகத்துக்குக் கிடைத்ததெல்லாம் ஆய்வுக் கட்டுரையில் இருந்த எளிய கோட்டுப் படங்கள்தாம். அதனால் சிலர், அது எலும்பே அன்று, கல்லான மரத்துண்டு என்றார்கள். சொல்வதற்கு இடமும் இருந்தது: பெரம்பலூர் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று இன்றும் கிடக்கிறது. 2022இல் அய்யாசாமி இன்னோர் ஆய்வாளருடன் சேர்ந்து களத்தில் அன்று எடுத்த பழைய புகைப்படங்களை வெளியிட்டார். எலும்புதான் என்ற பக்கம் வலுத்தது. 2023இல் கிரெகரி பாலும் அசியர் லாராமெண்டியும், படங்களையும் கொடுத்திருந்த அளவுகளையும் வைத்து, அந்த விலங்கின் எடை 110 டன்னுக்கும் மேல் இருந்திருக்கலாம், நீலத் திமிங்கலத்தோடு போட்டி போட்டிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய மறுப்பு எல்லாம் வரைந்த கோட்டைப் பற்றியது: எலும்பின் முனை எங்கே முடிகிறது, விரிசல் என்று காட்டியது உண்மையில் மூட்டா, வரைந்தவர் எதை விட்டுவிட்டார் என்று அந்தப் படத்தை இன்னும் அளந்துகொண்டிருக்கிறார்கள்.